அண்ணி மோசமாகக் கட்டிய சுவர்

அண்ணியின் அளவு நாடா இப்போது என் அலமாரியில் இருக்கிறது. வட்டமான தோல் கூடு, அதன் நடுவில் மடக்கி வைக்கிற பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் துணி நாடா நெளிந்து நெளிந்து உள்ளே போகும். எண்கள் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. நாடாவின் முனையில் ஒரு வளையம் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் காரைக்காலில் அண்ணி அளந்த இடத்திலெல்லாம் அந்த வளையத்தை மூலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். எண்களெல்லாம் அண்ணி பக்கம், பூஜ்ஜியம் என் பக்கம். யாராவது என்னைத் தேடி வந்தால் அண்ணன், "அவ பூஜ்ஜியம் புடிக்கப் போயிருக்கா" என்பார். நாடாவை எடுத்துப் பார்த்தால் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது. கிள்ளுவது தெரிகிறது, வலிதான் இல்லை.

அண்ணி மதராஸில் கட்டடக்கலை படித்தவர். அண்ணனுக்கு விவசாய இலாகாவில் வேலை. எங்களுக்குப் பூர்வீகம் நெடுங்காடு, அங்கே கொஞ்சம் நிலமும் வாய்க்கால் தண்ணீருக்கான சண்டையும் இருந்தன. பெண் பார்க்கப் போனபோது அம்மாவுக்குப் புரிந்ததெல்லாம் பெண் நன்றாக வரையும் என்பதுதான். கோலம் போடும் என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த மறுநாள் அண்ணி வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. புள்ளிகளெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் இருந்தன, கோலம்தான் இல்லை. காரைக்காலில் வீடு கட்டக் கொத்தனார் இருந்தார்கள், நல்லது கெட்டது பார்க்க மனையடி ஜோசியர் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தர் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் அண்ணியைப் பார்த்தால் தொப்பியைத் தூக்கி, ஆர்க்கிடெக்ட் என்பதைப் பிரெஞ்சில் 'அர்ஷிதெக்த்' என்று மரியாதையாகச் சொல்வார். அவரும் வீடு கட்டவில்லை.

வேலைக்குப் போகிறேன் என்று அண்ணி சொன்னபோது அம்மா தடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைக் காட்டி, "தொணைக்கு இவளையும் அழைச்சிக்கிட்டுப் போ" என்றாள். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு, தட்டச்சும் கற்றுக்கொண்டு, வரன் வருமென்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தேன். வரன்கள் வந்தன, போயின. நான் நாடாவின் முனையைப் பிடிக்கப் போனேன். எனக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டால், வீட்டை விட்டு வெளியே போவது பிடித்திருந்தது.

அண்ணிக்கு வேலை வந்தது முஸ்லிம் தெருக்களிலிருந்துதான். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது அங்கே பல குடும்பங்களில் வழக்கம். மாப்பிள்ளைகள் அரபு நாட்டிலோ மலேயாவிலோ இருப்பார்கள், லீவில் வந்து போவார்கள். பணம் அனுப்புவது ஆண்கள், வருடம் முழுக்க அந்த வீட்டில் இருப்பது பெண்கள். ஆனால் கொத்தனாரிடம் பேசுவது ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரு மாமாவாக இருப்பார். அடுப்படி எப்படி வேண்டும் என்று அடுப்படியில் நிற்பவரிடம் கேட்க ஆளில்லை. வெளி ஆண்கள் உள்கட்டுக்குள் போக முடியாதே. அண்ணி போனார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், அவர்களோடு தரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, அவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி எட்டும் உயரத்தை அளந்தார். கீழே நான் வளையத்தைப் பிடித்திருப்பேன், மேலே விரல் நுனியில் அண்ணி எண்ணைப் படிப்பார். அந்தப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்காது. 'தையக்காரம்மாவா நீங்க' என்று கேட்டார்கள். சீக்கிரமே அவருக்கு 'பிளானம்மா' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரில்தான் ஊர் அவரை அறிந்தது.

ஒரு விஷயத்தில் அண்ணிக்குச் சமரசம் கிடையாது, அவர் கட்டிய சுவர் வெடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்து மண் கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும், மழையில் ஊதிக்கொள்ளும். புது வீடுகளுக்கு முதல் வருடமே சுவரில் கோடு விழுவது சகஜம். அண்ணியின் வீடுகளில் விழாது. அஸ்திவாரக் குழியில் இறங்கி நின்று, மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்த பிறகுதான் கல் வைக்க விடுவார். கருக்களாச்சேரியில் மீன் வியாபாரி ஒருவருக்குக் கட்டிய வீட்டில் உப்புக்காற்றுக்குப் பயந்து கம்பிக்கு மேல் காங்கிரீட்டைத் தடிமனாகப் போடச் சொல்லி, அதற்காகப் பகல் முழுக்க வெயிலில் நின்றார். ஊரில் அவருக்குப் பட்டம் பதவி எதுவும் எடுபடவில்லை. அவர் சம்பாதித்தது, 'அந்தம்மா கட்டுனா வெடிக்காது' என்ற ஒரே ஒரு பேச்சு. அந்தப் பேச்சை வைத்துத்தான் அடுத்த வீடு வந்தது.

லாத்தாவின் வீடு அப்படித்தான் வந்தது. அக்காவை அங்கே லாத்தா என்பார்கள், கணவனை மாப்பிள்ளை என்பார்கள். தங்கச்சி கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். லாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் அவர்களுடைய வாப்பா பக்கத்துப் பக்கத்து மனையைக் கொடுத்திருந்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் வெளிநாட்டில் ஒரே கடையைச் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். இரட்டை வீடு, நடுவில் ஒரே சுவர். சகோதரிகளுக்கு வரைபடத்தைக் காட்டினால் புரியவில்லை. அதற்கு அண்ணி ஒரு வழி வைத்திருந்தார். மனையைச் சுற்றிக் கீற்றுத்தட்டி கட்டச் சொல்லி, தரையைப் பெருக்கி, வீட்டை அதன் முழு அளவில் சுண்ணாம்புத் தூளால் தரையில் போட்டார். இது ரேழி, இது அறை, இது அடுப்படி என்று கோடு. "கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் இதுல குடியிருந்து பாருங்க" என்றார்.

இரண்டு பேரும் வந்தார்கள். தட்டிக்குள் வந்ததும் வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குடியிருக்க ஆரம்பித்தார்கள். இல்லாத கதவைத் திறந்தார்கள். இல்லாத அடுப்பில் ஆணம் காய்ச்சினார்கள். நோன்புக் கஞ்சிக்கு விருந்தாளிகள் வந்தால் எங்கே உட்கார்வது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வளர்ந்த பெண்கள் இப்படி விளையாடி நான் அதுவரை பார்த்ததில்லை. வெயில் சாய்ந்து அவர்கள் போன பிறகு பார்த்தால், நடுச்சுவருக்காகப் போட்ட கோட்டில் ஒரு இடம் சுத்தமாக அழிந்திருந்தது. ஒருத்தி அடுப்படியிலிருந்து இன்னொருத்தி அடுப்படிக்கு அத்தனை முறை போய்வந்திருக்கிறார்கள், அங்கே சுவர் வரப்போகிறது என்ற நினைப்பே இல்லாமல். அண்ணியிடம் வழக்கமாக வேலை செய்யும் வரிச்சிக்குடிக் கொத்தனார் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு கோட்டைத் திரும்பப் போட வந்தார். அண்ணி அவரை நிறுத்தினார்.

"விடுங்க. அழிஞ்ச எடத்துலதான் கதவு."

நாங்கள் அளந்தோம். அடுப்படி மூலையில் நான் வளையத்தைப் பிடித்தேன். அண்ணி போய் நின்று, "ஏழடி" என்றார். கதவு அங்கேயே வந்தது. தெருவில் கால் வைக்காமல் அக்காவும் தங்கையும் ஒருத்தர் வீட்டுக்குள் ஒருத்தர் போய்வந்தார்கள். அந்தக் கதவு இரவில்கூடச் சாத்தியிருக்காது என்று சொல்வார்கள். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு அதே தெருவில் வேறு மூன்று குடும்பங்கள் அண்ணியைக் கூப்பிட்டன. அந்த வருடங்களில் அண்ணி நடக்கும்போது புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பார். சந்தோஷமாக இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதைக் கவனிக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டில் அந்தக் கடை உடைந்தது. என்ன தகராறு என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. சகலைகள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்ற அளவுக்குப் போயிற்று. லாத்தாவின் மாப்பிள்ளை லீவில் வந்தார். எங்கள் வீட்டுக்கே வந்தார். அந்நியப் பெண்ணிடம் நேரே பேசக் கூடாது என்ற மரியாதையில் அவர் அண்ணனைப் பார்த்தே பேசினார். அண்ணி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நடுச்சுவர்க் கதவை எடுத்துவிட்டு அடைக்க வேண்டும், நிலையையும் பெயர்த்துவிட வேண்டும், தான் திரும்பிப் போவதற்குள் முடிய வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "செவுருன்னா செவுரா இருக்கணுங்க, தம்பி" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார்.

அவர் போனதும் அண்ணன், முடியாது என்று சொல்லிவிடு என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்தால் நியாயமும் கூடவே வரும். அண்ணி காலி டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். அந்தப் பெண்கள் அவரை நம்பி உள்ளே விட்டவர்கள். அவர்கள் காலால் அழித்த கோட்டை அண்ணி கையாலேயே திரும்பப் போடச் சொல்கிறார் லாத்தாவின் மாப்பிள்ளை. மாட்டேன் என்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நான் மாட்டேன்னா வேற ஆளு வந்து நல்லாவே அடைச்சிடுவான்" என்றார் அண்ணி.

அந்தச் சுவரைக் கட்டிய நாள் முழுக்க நான் அங்கே இருந்தேன். லாத்தாவின் மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணி கொத்தனாரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். சிமெண்ட் வேண்டாம், மண் சாந்து போதும். பழைய சுவரில் பல் வெட்டிப் புதுக் கல்லைக் கோக்க வேண்டாம், சும்மா இடையில் அடுக்கினால் போதும். கதவுக்கு மேலே ஓடுகிற லிண்டலைத் தொடக் கூடாது. பாரத்தை அது தாங்கிக்கொள்ளும், கீழே அடைப்பதை என்றைக்கு வேண்டுமானாலும் உருவிவிடலாம். கொத்தனாருக்குக் கரண்டியைப் பிடிக்கவே கை வரவில்லை. அத்தனை வருடம் அண்ணியிடம் திட்டு வாங்கி வாங்கிச் சுத்தமாக வேலை செய்யப் பழகியவர்.

"நிக்கும்மா. ஆனா ஒட்டாது" என்றார்.

"ஒட்ட வேணாம்" என்றார் அண்ணி.

லாத்தா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நின்றிருப்பது கல் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் இடுப்புக்கு மேல் தெரிந்தார், பிறகு முகம் மட்டும், பிறகு நெற்றி. கடைசிக் கல்லை வைக்கும்போது யாரும் அழவில்லை. லாத்தா அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று தேத்தண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி என்னிடம், "அவங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேருல ஒருத்தர் இருக்கற வரைக்கும் இத யாருகிட்டயும் சொல்லாத. லாத்தாகிட்டயும். தெரிஞ்சா சிமெண்ட்ட வச்சு இறுக்கிடுவாங்க" என்றார். சரி என்றேன்.

ஒட்டாத சுவர் ஒட்டாத சுவராகவே நடந்துகொண்டது. அடுத்த கோடையில் பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. மழைக்குப் பிறகு அது மேலே ஏறி, குறுக்கே ஓடி, மறுபக்கம் இறங்கியது. கதவு இருந்த இடத்தில் கதவின் அளவுக்கே வெடிப்பு. வெள்ளையடித்து மறைத்தார்கள். அடுத்த வருடம் திரும்ப வந்தது. பிளானம்மா கட்டிய சுவர் வெடித்துவிட்டது என்று தெருவில் பேச்சு கிளம்பியது. சுவர் கட்டத் தெரியாதவள் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். பேச்சு உள்கட்டு வழியாகவே வீடு வீடாகப் போயிற்று, அண்ணியின் பெயர் பரவிய அதே வழியில். அஸ்திவாரம் தோண்டிய ஒரு வீட்டில் வேறு ஆளைப் போட்டார்கள். கட்டுவதாக இருந்த இன்னொரு வீட்டில், மாப்பிள்ளை லீவு தள்ளிப் போயிருக்கிறது என்றார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு மட்டும் அண்ணியே விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர் ஒருமுறை வெடித்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேர் திரும்ப வந்துவிடும், ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்றார். சொன்னால் கதவு போய்விடும் என்றார் அண்ணி. அண்ணனுக்குக் கடைசிவரை அது விளங்கியதாகத் தெரியவில்லை. தன் பெண்டாட்டி பிடிவாதக்காரி என்று எல்லாரிடமும் பாதிப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அண்ணி செய்த வேலைகளை நான் சொல்லலாம், ஆனால் சொல்வதற்கு அவ்வளவு இல்லை. நெடுங்காட்டில் மோட்டார் கொட்டகைகள். ஒரு ரைஸ்மில்லுக்குச் சுற்றுச்சுவர். வேறொரு எஞ்சினியர் போட்ட பிளான்களுக்கு நகல் எடுத்துக் கொடுப்பது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். மோட்டார் கொட்டகைக்கும் குழியில் இறங்கி மண்ணை உருட்டிப் பார்த்தார். வருத்தமாக இருக்கிறதா என்று நான் ஒருநாள் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தோணல" என்றார். மறைப்பதற்காகச் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்ச காலத்தில் அளக்கப் போவது நின்றுபோனது. எனக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. வரன் பார்ப்பதை அதற்குள் எல்லாரும் மறந்திருந்தார்கள்.

தங்கச்சி முதலில் போய்ச் சேர்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓதுகிற சத்தம் கேட்டுத்தான் லாத்தாவுக்குத் தெரிந்ததாம். துப்பட்டியைப் போட்டுக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தார் என்று சொன்னார்கள். தங்கச்சியின் பிள்ளைகள் வெளிநாட்டோடு தங்கிவிட்டார்கள். அவருடைய மாப்பிள்ளையும் இறந்த பிறகு அந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அண்ணி இறந்தது அந்தப் பூட்டு விழுவதற்கு முன்பே. அன்றைக்கு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது. நான் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஒரு சித்தி என் காதுபடச் சொன்னாள். இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் லாத்தாவின் மாப்பிள்ளை காலமானார். இரண்டு பேரில் ஒருவர் இருக்கிற வரைக்கும் என்று அண்ணி வைத்த கெடு அதோடு முடிந்தது. கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நாடா எதற்கு என்று கேட்டால், அங்கே வெறும் கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. லாத்தாவுக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்து, யாரும் கேட்காமலே தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அடுப்படி மாறியிருந்தது. மகன் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருந்தான். வெடிப்பு எங்கேயும் தெரியவில்லை. கதவு எங்கே இருந்தது என்று லாத்தாவைக் கேட்டேன். கையைப் பொதுவாகச் சுவர்ப்பக்கம் வீசிக் காட்டினார், சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு மூலை தெரியும். வளையத்தை லாத்தாவின் கையில் கொடுத்து, இந்த மூலையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குழந்தை மாதிரிச் சொன்னதைச் செய்தார். நான் கூட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். முதல் தடவையாக எண்கள் என் பக்கம் இருந்தன. ஏழு அழியாமல் இருந்தது. அந்த இடத்தில் நின்று டைல்ஸைத் தட்டிக் காட்டிச் சொன்னேன். இதற்குப் பின்னால் வெறும் மண் சாந்துதான், லிண்டல் அப்படியே இருக்கிறது, ஒரு ஆள் அரை நாளில் எடுத்துவிடலாம், நீங்கள் திறந்துகொள்ளத்தான் அண்ணி இப்படிக் கட்டினார், வெடித்தது அதனால்தான் என்றேன். ரொம்ப நாள் மனசுக்குள் வைத்திருந்ததால் பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது.

லாத்தா மூலையிலிருந்து அசையவில்லை. கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை. "கட்டத் தெரியாத பொம்புளன்னு எல்லா வூட்டுலயும் சொன்னது நான்தான்" என்றார். அதைத் தாழ்ந்த குரலில்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். தேத்தண்ணீர் வந்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் நான் தட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"இப்ப அந்தப் பக்கம் யாரு இருக்கா, புள்ள?"

கைப்பிடியை நிமிர்த்தி நாடாவைச் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். லாத்தா இன்னும் வளையத்தை மூலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.